ரொறொன்ரோவில புதுசா வகுப்பெடுக்கிற எங்கட ஆக்களுக்கு: ஈக்விட்டியை வகுப்புக்குள்ள கொண்டு வாறது எப்பிடி?

ஒன்ராறியோவில சப்ளை ரீச்சரா ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் எண்டு ஓடித் திரிஞ்சு, கடைசியில ஒரு சொந்த வகுப்பு கிடைச்சிருக்கிற எங்கட ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன், முக்கியமா கிரேட் 4இல இருந்து 8 வரைக்கும் எடுக்கப் போறவைக்கு. இன்டர்வியூவில ஈக்விட்டி பற்றி, அதாவது ஒரு பிள்ளையையும் ஒதுக்காமல் ஒவ்வொருத்தருக்கும் தேவையானதைக் குடுக்கிறது பற்றி, ஒரு கேள்வி கட்டாயம் வரும், எல்லாரும் வடிவா மறுமொழி சொல்லித்தான் வேலைக்கு வருவினம், பிறகு ஒக்ரோபர் வரேக்க அதெல்லாம் எங்க போச்செண்டே தெரியாது. கொள்கைப் பத்திரம் எண்டா கட்டுக் கட்டா இருக்கு, ஆனா திங்கக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு வகுப்புக்குள்ள போய் என்ன செய்யிறதெண்டு ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை.

கனபேருக்கு முதல் ஞாபகம் வாறது மல்ரிகல்ச்சரல் டே. பிள்ளையள் அவையவையின்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவினம், ஒரு மேசையில சமோசா, அடுத்ததில ஜமேக்கன் பட்டி, அங்கால டம்ப்ளிங். நல்ல விசயம்தான், நான் அதுக்கு எதிரில்லை, தட்டோட முதல் ஆளா நிக்கிறதும் நான்தான். ஆனா அண்டைக்கு பரதநாட்டிய உடுப்போட மேடையில நிண்ட பிள்ளை அடுத்த நாள் கணக்குப் பாடத்தில கையை உயர்த்தினா நாங்கள் கூப்பிடுறமா எண்டுறதை ஒருத்தரும் பாக்கிறேல்லை. அமெரிக்காவில வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில இருந்த ஜேம்ஸ் பாங்க்ஸ் எண்ட பேராசிரியர் இதை நாலு படியாப் பிரிச்சவர். பண்டிகையளும் பெரிய ஆக்களின்ர கதையும் முதல் படி. இருக்கிற பாடத்தோட ஒரு புத்தகத்தையோ ஒரு யூனிற்றையோ ஒட்டிவிடுறது ரெண்டாவது. பாடத்தையே வேற ஆக்களின்ர பக்கம் நிண்டு பாக்கிற மாதிரி மாத்திறது மூண்டாவது. பிள்ளையள் தாங்களே ஒரு முடிவெடுத்து ஏதாவது செய்யிறது நாலாவது. நாங்கள் முக்கால்வாசிப் பேர் முதல் படியில குந்திக்கொண்டு இருக்கிறம், அதுவும் வருசத்தில ஒரு நாள்.

இன்னொண்டு. "இன ஒதுக்கல் எல்லாம் அமெரிக்காப் பிரச்சினை, கனடாவில அப்பிடி இல்லை" எண்டு ஸ்டாஃப் ரூமிலயே சொல்லுவினம், எங்கட ஆக்களும் சேர்ந்து தலையாட்டுவினம். ஒன்ராறியோவில கறுப்பினப் பிள்ளையளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைக்கலாம் எண்டு 1850இல வந்த சட்டப் பிரிவு 1964 வரைக்கும் புத்தகத்தில கிடந்தது. லெனார்ட் பிரெய்த்வெய்ட் எண்ட மாகாண உறுப்பினர், கனடாவில ஒரு சட்டமன்றத்துக்குத் தெரிவான முதல் கறுப்பினத்தவர், எழும்பிக் கேட்டதுக்குப் பிறகுதான் அதை எடுத்தவை, கடைசித் தனிப் பள்ளிக்கூடம் மூடினது 1965இல. 2017இல யோர்க் பல்கலைக்கழகத்தில இருந்து வந்த ஆய்வைப் பாருங்கோ: ரொறொன்ரோ பொதுப் பள்ளிக்கூடச் சபையில வெள்ளைப் பிள்ளையளில 81 வீதம் யூனிவர்சிற்றிக்கு வழி விடுற அக்கடமிக் பிரிவில, கறுப்பினப் பிள்ளையளில 53 வீதம்தான். ஹைஸ்கூல் முடிக்கிறதுக்குள்ள ஒருக்காவாவது சஸ்பெண்ட் ஆன கறுப்பினப் பிள்ளையள் 42 வீதம், வெள்ளைப் பிள்ளையள் 18 வீதம். இந்த இலக்கங்களைச் செய்தது ஒரு பெரிய கெட்ட மனிசன் இல்லை. ஆயிரக்கணக்கான ரீச்சர்மார், எங்களை மாதிரி ஆக்கள்தான், "இந்தப் பிள்ளைக்கு அக்கடமிக் கஷ்டம்", "இவன் சரியான குழப்படி" எண்டு ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னதா எடுத்த முடிவுகள் கூடித்தான் அது வந்தது. அதாலதான் கீழ எழுதிறதெல்லாம் சின்ன வேலையளா இருக்கு.

வகுப்பு துவங்க முதல்: பேர் லிஸ்ட்

ஓகஸ்ட் கடைசியில லிஸ்ட் கைக்கு வந்த உடன ஒவ்வொரு பேரையும் சத்தம் போட்டு வாசிச்சுப் பாருங்கோ, தெரியாத பேருக்குப் பக்கத்தில ஒரு புள்ளி போடுங்கோ. முதல் நாள் வகுப்புக்கு முன்னால நிண்டு ரெஜிஸ்டரை வாசிச்சுத் தடக்கி, "ஓ இது எனக்கு வராது" எண்டு சிரிக்கிறதைச் செய்யவே செய்யாதேங்கோ, ஏனெண்டா அந்தச் சிரிப்போட மற்ற இருபத்தைஞ்சு பிள்ளையளும் சேர்ந்து சிரிக்கும். கதவடியில நிண்டு ஒவ்வொரு பிள்ளையா உள்ள வரேக்க "உன்ர பேரை நீ எப்பிடிச் சொல்லுவாய், சொல்லு பாப்பம்" எண்டு கேளுங்கோ, கேட்டதை உங்களுக்கு விளங்கிற எழுத்தில எழுதி வையுங்கோ.

எங்கட பிள்ளையளின்ர சிக்கல் தெரியும்தானே, தகப்பன்ர பேர் முன்னுக்கும் பிள்ளையின்ர பேர் பின்னுக்குமா பாஸ்போட்டில விழுந்து, கொம்பியூட்டரில தகப்பன்ர பேரே பிள்ளையின்ர பேரா வந்து நிக்கும். ஒரு பிள்ளை மாசக்கணக்கா அப்பான்ர பேருக்கு "பிரெசென்ட்" சொல்லிக்கொண்டு இருந்திருக்கும். தமிழ் தெரிஞ்ச உங்களுக்கு இது ஒரு செக்கனில பிடிபடும், ஒபீஸில சொல்லி மாத்துவியுங்கோ. ஆனா நைஜீரியாப் பிள்ளையின்ர பேரிலயும், திபெத்துப் பிள்ளையின்ர பேரிலயும் இதே மாதிரி ஏதோ ஒண்டு இருக்கும், அதுக்கும் அதே அக்கறை வேணும். பேரைச் சுருக்கி நீங்களா ஒரு செல்லப்பேர் வைக்கிற வேலை வேண்டாம், பிள்ளை தானாக் கேட்டா மட்டும்.

முதல் மாசம்: உங்களை நீங்களே எண்ணுங்கோ

இதை ஒருத்தரும் விரும்பமாட்டினம், எனக்கும் துவக்கத்தில எரிச்சலாத்தான் இருந்தது. இருக்கைப் படத்தை ஒரு தாளில கீறி வச்சுக்கொண்டு, யாரைக் கேள்வி கேட்டனீங்கள் எண்டதுக்கு ஒரு கோடு, யாரை ஏசினனீங்கள் எண்டதுக்கு ஒரு புள்ளி, யாரை வெளியில அனுப்பினனீங்கள் எண்டதுக்கு ஒரு வட்டம். ஒரு நாளைக்கு ஒரு பாடம் காணும். ரெண்டு கிழமையால அந்தத் தாளை எடுத்துப் பாத்தா பேச்சில்லை, கோடெல்லாம் முன்வரிசையில ஒரு அஞ்சு பேருக்கு, புள்ளியெல்லாம் பின்னால ஒரே மூலையில. அந்த மூலையில யார் இருக்கினம் எண்டு பாருங்கோ, அவ்வளவுதான், உங்களுக்கே விளங்கும். தாளை வேற ஒருத்தருக்கும் காட்ட வேண்டியதில்லை.

திருத்திறதும் லேசு. ஐஸ்பழக் குச்சியில எல்லாற்ற பேரையும் எழுதி ஒரு கப்பில போட்டு, கேள்வியை முதல் கேட்டிட்டு, மனசுக்குள்ள அஞ்சு எண்ணிப்போட்டு, பிறகு குச்சியை எடுங்கோ. அந்த அஞ்சு செக்கன் முக்கியம், இங்கிலிஷை மனசுக்குள்ள மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு அது இல்லாட்டி யோசிக்க நேரமே கிடைக்காது.

புத்தக அலுமாரி

கனக்க எழுதத் தேவையில்லை. ரூடின் சிம்ஸ் பிஷப் எண்ட அமெரிக்கப் பேராசிரியை 1990இல சொன்னதுதான் இண்டைக்கும் எல்லா லைப்ரரியனும் சொல்லுறது: பிள்ளைக்குப் புத்தகம் ஒரு கண்ணாடியாவும் இருக்கோணும், வேற ஆக்களைப் பாக்கிற ஜன்னலாவும் இருக்கோணும். நீங்கள் கேக்க வேண்டிய கேள்வி, உங்கட அலுமாரியில கறுப்பினப் பிள்ளை அடிமைத்தனக் கதையில மட்டும்தான் வருதா, முதற்குடிப் பிள்ளை "முந்தி ஒரு காலத்தில" எண்டு மட்டும்தான் வருதா, தமிழ்ப் பிள்ளை பொங்கலுக்கும் போருக்கும் மட்டும்தான் வருதா? நாய் துலைஞ்சு தேடிற கதை, ஹொக்கி ரீமில சேர ஏலாமல் அழுகிற கதை, தம்பியோட சண்டை பிடிக்கிற கதை, இதிலயெல்லாம் அந்தப் பிள்ளையள் வரோணும். உங்கட சொந்தக் காசைக் கொட்டாதேங்கோ, ரொறொன்ரோ பப்ளிக் லைப்ரரியில இரவல் எடுங்கோ.

பாடம்: ஒரு ரேர்முக்கு ஒண்டை மாத்துங்கோ

எல்லாத்தையும் ஒரேயடியா மாத்த வெளிக்கிட்டா நவம்பரில சுருண்டு படுத்திருவீங்கள். ஒரு ரேர்முக்கு ஒரே ஒரு யூனிற். அதை எப்பிடிச் செய்யிறதெண்டு ஒரு உதாரணம் விரிவாச் சொல்லுறன், கிரேட் 6 சோஷல் ஸ்டடீஸில கனடாவுக்கு வந்து சேர்ந்த சமூகங்கள் பற்றி ஒரு பகுதி இருக்கு, அதுக்கு இது அச்சாப் பொருந்தும்.

நாலு கப்பல் எடுங்கோ. முதலாவது கோமகாட்டா மாரு, 1914 மே மாசம் வன்கூவருக்கு 376 பேரோட வந்தது, கூடுதலா சீக்கிய ஆக்கள். சொந்த நாட்டில இருந்து இடையில நிக்காமல் நேர வரவேணும் எண்ட ஒரு விதி 1908இல போட்டு வச்சிருந்தவை, இந்தியாவில இருந்து அப்பிடி வாறதுக்கு வழியே இல்லை எண்டு தெரிஞ்சுதான் போட்டவை. ரெண்டு மாசம் துறைமுகத்தில வச்சிருந்து ஒரு சிலரைத் தவிர மிச்சப் பேரைத் திருப்பி அனுப்பினவை. ரெண்டாவது செயின்ற் லூயிஸ், 1939இல 900க்கு மேற்பட்ட யூத அகதியளோட வந்தது, கியூபா ஒரு சிலரை மட்டும் இறங்க விட்டது, அமெரிக்காவும் கனடாவும் ஒருத்தரையும் எடுக்கேல்லை, ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய் அதில 250க்கு மேல ஆக்கள் நாசிகளிட்டச் செத்தவை. மூண்டாவது எங்கட ஆக்கள், 1986 ஓகஸ்டில நியூஃபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு உயிர்காப்புப் படகில விடப்பட்ட 150க்கு மேற்பட்ட தமிழர், அங்கத்த மீன்பிடிகாரர் கண்டு காப்பாத்தினவை. நாலாவது சன் சீ, 2010இல 492 தமிழரோட பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது, வந்தவையை மாசக்கணக்கா அடைச்சு வச்சவை.

இதை ஜிக்சோ முறையில எடுங்கோ. எலியட் அரன்சன் எண்ட உளவியல்காரர் 1971இல ரெக்சஸில ஒஸ்ரின் நகரத்தில கொண்டு வந்தது, அங்க அப்பத்தான் வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கன் பிள்ளையளை ஒரே வகுப்பில விட்டிருந்தவை, ஒரே அடிபாடு. நாலு நாலு பேராக் குழு, குழுவில ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கப்பல். ஒரே கப்பல் கிடைச்ச பிள்ளையள் எல்லாம் ஒண்டாச் சேர்ந்து வாசிச்சுப் படிச்சிட்டு, பிறகு தங்கட குழுவுக்குத் திரும்பிப் போய் மற்ற மூண்டு பேருக்கும் சொல்லிக் குடுக்கோணும். கடைசி வேலைக்கு நாலு கப்பலும் தேவை, அதால ஒருத்தரை ஒருத்தர் விட்டிட்டுப் போக ஏலாது, வழமையா வாய் திறக்காத பிள்ளையிட்டயும் மற்றவைக்குத் தேவையான ஏதோ ஒண்டு இருக்கும். குழுவை நீங்களே பிரியுங்கோ, கூட்டாளிமாரைப் பிள்ளையளே தெரிவு செய்ய விட்டா எல்லாம் பழையபடிதான். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்க் கப்பல், யூதப் பிள்ளைக்கு யூதக் கப்பல் எண்டு குடுக்காதேங்கோ. தமிழ்ப் பிள்ளை செயின்ற் லூயிஸைப் படிச்சுச் சொல்லட்டும், சீனப் பிள்ளை சன் சீயைச் சொல்லட்டும்.

கடைசி வேலை ஒரு கேள்விதான்: நாலு தரமும் அரசாங்கம் என்ன செய்தது, அதுக்குச் சொன்ன காரணம் என்ன, அதில எது திரும்பத் திரும்ப வருது? பிள்ளையள் தாங்களாப் பிடிப்பினம், நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாக் காணும். பாங்க்ஸ் சொன்ன நாலாவது படிக்குப் போக விரும்பினா, கோமகாட்டா மாருவுக்குப் பிரதமர் பாராளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டது 2016இல, அதாவது 102 வருசத்துக்குப் பிறகு, அதுக்குப் பிள்ளையள் ஒரு கடிதம் எழுதலாம், மன்னிப்பு காணுமா காணாதா எண்டு.

ஒரு கவனம். உங்கட வகுப்பிலயே சன் சீயில வந்த ஆக்களின்ர பிள்ளை இருக்கலாம், ஸ்காபரோவில இது நடக்காத விசயம் இல்லை. அந்தப் பிள்ளையைப் பாத்து "உங்கட அப்பா சொல்லுவாரே" எண்டு இழுக்கக் கூடாது. பாடம் துவங்க முதல் வீட்டுக்கு ஒரு கடிதம், இன்ன கிழமை இன்னதைப் படிப்பிக்கப் போறம் எண்டு. பிள்ளை தானா வந்து சொன்னாக் கேளுங்கோ.

கணக்குக்கும் ஒண்டு சொல்லுறன். சீனருக்கு மட்டும் போட்ட தலைவரி 1885இல 50 டொலர், 1900இல 100, 1903இல 500. எத்தினை வீதம் கூடினது எண்டு ஒரு கணக்கு, வரைபு ஒண்டு. வயோலா டெஸ்மண்ட் எண்ட கறுப்பினப் பெண் 1946இல நோவா ஸ்கோஷியாவில தியேட்டரில வெள்ளையர் இருக்கிற கீழ்ப் பகுதியில இருந்ததுக்கு, ரெண்டு ரிக்கற்றுக்கும் வரியில இருந்த ஒரு சத வித்தியாசத்தைக் கட்டேல்லை எண்டு வழக்குப் போட்டு 26 டொலர் கட்ட வச்சவை. ஒரு சதத்தின்ர எத்தினை மடங்கு? பத்து டொலர் நோட்டில அவவின்ர படம் இருக்கு, நோட்டைக் கையில குடுத்திட்டுக் கேளுங்கோ.

செய்யவே கூடாதது

நாடகம் நடிக்க விடாதேங்கோ. அடிமை ஏலம், ரெசிடென்ஷியல் ஸ்கூல் (முதற்குடிப் பிள்ளையளைத் தாய் தகப்பனிட்ட இருந்து பிரிச்சு வச்ச விடுதிப் பள்ளிக்கூடம்) பிள்ளையா நடிக்கிறது, ஒண்டும் வேண்டாம். அமெரிக்காவில ஜேன் எலியட் எண்ட ரீச்சர் 1968இல வகுப்பை நீலக் கண், மண்ணிறக் கண் எண்டு பிரிச்சு, ஒரு பகுதியை உயர்வாவும் மற்றதைத் தாழ்வாவும் நடத்தி ஒரு பயிற்சி செய்தவ, அதை யூடியூபில பாத்திட்டு "நானும் செய்து பாக்கட்டோ" எண்டு புதுசா வாற ஒவ்வொருத்தரும் கேப்பினம். வேண்டாம். பிள்ளையளை வேணுமெண்டு நோகடிச்சுப் படிப்பிக்கிற அளவுக்கு எங்கள் ஒருத்தருக்கும் பயிற்சி இல்லை, அது போக ஏற்கனவே நொந்த பிள்ளை அங்க இருக்கு. செப்டெம்பர் 30க்கு ரெசிடென்ஷியல் ஸ்கூல் பிள்ளையளை நினைச்சு எல்லாரும் ஒரேஞ் ரீசேர்ட் போடுறது நல்லது, ஆனா ரீசேர்ட்டோட நிப்பாட்டக் கூடாது, பிரான்ட்ஃபோர்டில இருந்த மோஹோக் இன்ஸ்ரிற்றியூட் எண்ட ரெசிடென்ஷியல் ஸ்கூல் 1970 வரைக்கும் நடந்தது எண்டு வரைபடத்தில காட்டுங்கோ, காரில போனா ஒண்டரை மணித்தியாலம்கூட இல்லை. முதற்குடி ஆக்களின்ர மாதிரி இறகு ஒட்டித் தொப்பி செய்யிற கிராஃப்ட் வேலை இன்னும் எங்கயோ நடக்குது, அதையும் விட்டிடுங்கோ.

கெட்ட வார்த்தை விழுந்தா

கட்டாயம் விழும். அந்த இடத்திலயே பாடத்தை நிப்பாட்டி, "அந்தச் சொல் இந்த வகுப்பில பாவிக்கிறேல்லை, அது ஆக்களை நோகடிக்கிற சொல்" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ, கத்தத் தேவையில்லை. "பகிடிக்குச் சொன்னனான்" எண்டு வரும், "பகிடியோ இல்லையோ, இங்க இல்லை" எண்டு முடியுங்கோ. நோகப்பட்ட பிள்ளையை எல்லாருக்கும் முன்னால "நீ ஓகேயா" எண்டு கேக்காதேங்கோ, பிறகு தனியாக் கேளுங்கோ, வேணுமெண்டா வீட்டுக்கு நீங்களே கோல் எடுங்கோ. சொன்ன பிள்ளையோடயும் தனியாக் கதையுங்கோ, அது எங்க கேட்டது எண்டு. பாரதூரமான சம்பவம் எண்டா அதிபருக்கு அறிவிக்க வேண்டியது உங்கட சட்டக் கடமை, "சின்ன விசயம்தானே" எண்டு நீங்களா மூடி மறைக்கிற உரிமை இல்லை. திகதி, நேரம், சொன்ன சொல், நீங்கள் செய்தது, எல்லாம் அண்டைக்கே எழுதி வையுங்கோ.

எங்கட வீடும் எங்கட வாயும்

இதைத் தமிழ் ரீச்சர்மாருக்கு மட்டும் சொல்லுறன். பேரன்ற் இன்டர்வியூவுக்கு ஒரு அம்மா வருவா, கதவைச் சாத்திப்போட்டுத் தமிழில மெல்லமாச் சொல்லுவா: "ரீச்சர், எங்கட பிள்ளையை அந்தக் கறுவல் பெடியனுக்குப் பக்கத்தில இருத்தாதேங்கோ, பழுதாப் போயிடுவான்." நீங்கள் தமிழ் எண்டதாலதான் அவ சொல்லுறா, வெள்ளை ரீச்சரிட்டச் சொல்லமாட்டா. சிரிச்சு மழுப்பாதேங்கோ. "அக்கா, அந்தப் பெடியன் உங்கட மகனுக்குப் பின்னக் கணக்கு விளங்கப்படுத்தினவன், ரெண்டு பேரும் நல்லாச் செய்யினம். தோலைப் பாத்து நான் ஆரையும் இருத்திறேல்லை, உங்கட பிள்ளையையும் ஆரும் அப்பிடிப் பாத்து ஒதுக்க விடமாட்டன்" எண்டு மரியாதையா, ஆனா தெளிவாச் சொல்லுங்கோ. கனபேருக்கு அந்தக் கடைசி வசனம்தான் உறைக்கும், ஏனெண்டா "பாக்கி" எண்டு, தென்னாசிய ஆக்களை இழிக்கிற அந்தச் சொல்லால பேச்சு வாங்கி வந்த ஆக்கள் எங்கட முந்தின தலைமுறையில கொஞ்சப் பேரில்லை.

சாதியும் அப்பிடித்தான். "ஊரில எவடம்?" எண்டு ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேக்கிறது வெளிப்பார்வைக்குச் சும்மாக் கேள்வி, எங்களுக்கு அது எங்க போகுதெண்டு தெரியும். ரொறொன்ரோ பொதுப் பள்ளிக்கூடச் சபை 2023 மார்ச்சில சாதி ஒடுக்குமுறையை ஒரு பிரச்சினையா ஏத்துக்கொண்டு தீர்மானம் போட்டது, அதே வருசம் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவும் சாதிப் பாகுபாடு மனித உரிமைச் சட்டத்துக்குள்ள வரும் எண்டு சொல்லிப்போட்டுது. மற்ற ரீச்சருக்கு அந்தக் கேள்வி காதில விழுந்தாலும் விளங்காது. உங்களுக்கு விளங்கும், விளங்காத மாதிரி இருக்காதேங்கோ.

வீட்டுமொழி

புதுசா வந்த பிள்ளை முதல் வரைவைத் தமிழிலயோ அரபியிலயோ டகாலொக்கிலயோ எழுதட்டும், பிறகு இங்கிலிஷுக்குக் கொண்டு வரலாம். யோசிக்கிறதுக்கு மொழி வேணும், இருக்கிற மொழியை வாசலில கழட்டி வச்சிட்டு வா எண்டா வெறுங்கையோடதான் உள்ள வரும். பேரன்ற் இன்டர்வியூவில பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ, தன்னைப் பற்றின குறையைத் தானே சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? கன பள்ளிக்கூடங்களுக்குச் செற்றில்மென்ற் வேர்க்கர், அதாவது புதுசா வந்த குடும்பங்களுக்கு உதவுற ஒருத்தர், வந்து போவார், ஒபீஸில கேட்டா நாள் சொல்லுவினம்.

ரிப்போட் கார்ட் எழுதேக்க

பெப்ரவரி ரிப்போட் எழுதி முடிச்ச உடன அனுப்பாதேங்கோ. பேரை மறைச்சிட்டு கொமென்ற்ஸை மட்டும் வாசியுங்கோ. "எனர்ஜி கூட" எண்டு யாருக்கு எழுதினனீங்கள், அதே குழப்படிக்கு "அடங்கமாட்டான்" எண்டு யாருக்கு எழுதினனீங்கள்? "அமைதியான பிள்ளை" எண்டு எழுதினது அந்தப் பிள்ளையை நீங்கள் கூப்பிடாததாலயா? முதல் மாசத் தாள் அப்ப கையில இருந்தா நல்லது.

கிரேட் 8 எடுக்கிறவைக்கு இன்னொரு வேலை இருக்கு. கிரேட் 9இல அக்கடமிக், அப்ளைட் எண்டு பிரிக்கிறதை 2021இல கணக்குக்கும் 2022இல மற்றப் பாடங்களுக்கும் நிப்பாட்டினவை, ஆனா கிரேட் 10இல பிரிவு இன்னும் இருக்கு. புதுசா வந்த பெற்றார் கனபேருக்கு அப்ளைட் எடுத்தா யூனிவர்சிற்றிக்குப் போற வழி சிக்கலாகும் எண்டு தெரியாது, "ரீச்சர் சொன்னாச் சரி" எண்டு கையெழுத்து வச்சிட்டுப் போவினம். ஹைஸ்கூல் இன்ஃபர்மேஷன் நைற்றுக்கு முதல் அவையை ஒருக்கா நேரில கூப்பிட்டு, செற்றில்மென்ற் வேர்க்கரையும் பக்கத்தில இருத்தி, எந்தப் பாடம் எங்க கொண்டு போகும் எண்டு ஒரு தாளில கீறிக் காட்டுங்கோ. அரை மணித்தியாலம் காணும், தாளை அவையிட்டயே குடுத்து விடுங்கோ.